டயர் மேல் ரோலர் வைத்து ஓடும் சைக்கிள் எஞ்சின் கிட்: ஐந்து மாதம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டு ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் அப்பா சேவூரிலிருந்து அம்முண்டி சர்க்கரை ஆலைக்கு இருபது வருடத்துக்கு மேல் வேலைக்குப் போய் வந்தார். இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், ராடு பிரேக், பின்னால் அகலமான கேரியர். அவர் காலத்துக்குப் பிறகு அது திண்ணை ஓரம் சும்மா நின்றது. எனக்கு வேலை வேலூரில் ஒரு அச்சகத்தில். காட்பாடி, விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் என்று ஒரு வழிக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். மிதித்தே போகலாம், போயும் இருக்கிறேன். ஆனால் சித்திரை வெயிலில் போய் இறங்கினால் அரை மணி நேரத்துக்குக் கை கால் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது. அப்பாவின் சைக்கிளையும் விடக்கூடாது, ஆளும் வாடக்கூடாது என்றுதான் இந்த கிட்டை ஆன்லைனில் வாங்கினேன். பதினோராயிரம் ரூபாய் ஆனது.

உள்ளே இருந்தது ஒரு 25 சிசி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் (புல் வெட்டும் மெஷினில் வருமே, அதே ரகம்), ஒரு கிளட்ச் (எஞ்சின் சுற்று கூடினால் தானாகப் பிடிக்கும் ரகம்), ஒரு இரும்பு ரோலர், சைக்கிளில் பூட்ட ஒரு பிராக்கெட், ஆக்ஸிலரேட்டர் கேபிள். அவ்வளவுதான்.

25 சிசி என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, நாலு சக்கரத்துக்குக் குறைவாகவும் எஞ்சின் 25 சிசிக்கு மேற்படாமலும் உள்ள வண்டியை மோட்டார் வாகனக் கணக்கில் சேர்ப்பதில்லை. 49 சிசி, 80 சிசி என்றும் கிட் விற்கிறார்கள். இழுவை அதிகம்தான். ஆனால் அதைப் பூட்டிய நிமிடமே பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டிய வண்டியாகிவிடும். வீட்டில் பூட்டிய சைக்கிளுக்கு அதெல்லாம் வாங்குவது நடக்கிற காரியமில்லை. வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. செயின் இல்லை, கியர் இல்லை. எஞ்சின் ரோலரைச் சுற்றுகிறது, ரோலர் பின் டயரை அழுத்தித் தேய்த்துக்கொண்டே சக்கரத்தைத் தள்ளுகிறது. பிரான்சில் 1946 முதல் விற்ற வெலோசொலெக்ஸ் வண்டியும் இதே தத்துவம்தான், அதில் எஞ்சின் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இதில் ஒரு விஷயம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. சக்கரம் பெரிதா சிறிதா என்பதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரோலரின் விட்டம்தான் எல்லாம். ரோலரின் மேல்பரப்பு எவ்வளவு வேகமாக நகர்கிறதோ, அதுதான் சைக்கிளின் வேகம்.

கிட்டில் வந்த ரோலர் 32 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நகரும். எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றுக்குப் போனால் மணிக்கு 42 கிலோமீட்டர் என்று கணக்கு வரும். விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். சாலையில் கதை வேறு. என் எஞ்சினில் கிளட்ச் முழுசாகப் பிடிப்பது ஏறக்குறைய 4000 சுற்றில். 32 ரோலரில் அது 24 கிலோமீட்டர் வேகம். காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது வேகம் 24-க்குக் கீழே வந்ததும் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, கருகல் வாடை அடிக்கிறது. முதல் வாரமே இப்படி இரண்டு முறை பாலத்தின் நடுவில் இறங்கித் தள்ளினேன்.

இரண்டாவது குறை இன்னும் மோசம். ரோலரை எஞ்சின் பக்கம் மட்டும்தான் பிடித்திருந்தார்கள். மறுமுனை அந்தரத்தில். டயர் அழுத்த அழுத்த அது மெல்ல மேல்நோக்கிக் கோணிக்கொண்டது. பத்தாம் நாள் பேரிங்கில் கரகரவென்று சத்தம். விற்றவர்களுக்குப் போன் செய்தால், அழுத்தத்தைக் குறையுங்கள் என்றார்கள். குறைத்தால் ரோலர் டயரில் வழுக்குகிறது. பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் பதிலா இது?

சித்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. இந்த கிட்டுக்கு உயிர் கொடுத்தவர் அங்கே இருக்கும் அண்ணன்தான். ரோலரை விரலால் ஆட்டிப் பார்த்தார். "ஒத்தக் கால்ல நிக்குதுபா இது. இன்னொரு காலு குடுக்கணும்" என்றார். ஈஎன்8 என்ற ரக எஃகு ராடு எடுத்து ரோலர் பாகத்தை 25 மில்லிமீட்டருக்குக் கடைந்தார். மறுமுனையை 15-க்கு இறக்கி ஒரு 6202 பேரிங்கில் உட்காரவைத்து, பேரிங்கைப் பிடிக்க ஆறு மில்லிமீட்டர் தகட்டில் ஒரு கையும் வெல்டிங் செய்து கொடுத்தார். ரோலர் மேல் நர்லிங் (பிடிப்புக்காகப் போடும் சொரசொரப்பான வரி) போட்டதும் அரத்தை எடுத்து அந்த முள்முனைகளை லேசாக மழுக்கினார். "கூரா இருந்தா டயரத் தின்னுடும்" என்றார். கிட்டோடு வந்த ரோலர் மூன்றே வாரத்தில் ஒரு டயரின் பட்டனை வழித்தெடுத்திருந்தது. இவர் போட்டுக் கொடுத்த ரோலரில் நாலு மாதமாக ஒரே டயர் ஓடுகிறது. மொத்தம் 1,100 ரூபாய் வாங்கினார். அந்த வேலைக்கு இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

25 ரோலரில் உச்ச வேகம் குறைந்தது, இழுவை கூடியது. இப்போது 19 கிலோமீட்டரிலேயே கிளட்ச் பிடித்துவிடுகிறது. மேம்பாலத்தில் நானும் கொஞ்சம் மிதித்துக் கொடுத்தால் ஏறிவிடுகிறது. சமதளத்தில் 25, 26-ல் நிதானமாகப் போகிறது. அதற்கு மேல் ராடு பிரேக்கை நம்பி ஓட்டவும் கூடாது. பிரேக் கட்டை நாலையும் புதிதாக மாற்றித்தான் நான் எஞ்சினையே கிளப்பினேன்.

பூட்டும் முன் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிடுங்கள். சக்கரம் ஆடினால் ரோலர் ஒரு இடத்தில் கடிக்கும், ஒரு இடத்தில் விடும். டயரில் காற்று கட்டைவிரலுக்கு அமுங்காத அளவு இருக்க வேண்டும். ரோலர் டயரைத் தொட வேண்டுமென்றால் பின் மட்கார்டில் ஒரு துண்டை அறுக்க வேண்டும். அப்பாவின் மட்கார்டை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. அதைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். வேறொன்று வாங்கி அறுத்தேன். அறுத்த இடத்தில் ரப்பர் துண்டு ஒன்றைத் தொங்கவிட மறக்காதீர்கள். முதல் நாள் அச்சகத்தில் இறங்கியபோது சட்டை முதுகில் கழுத்துவரை கருப்புக் கோடு, எல்லாம் டயர் தூள்.

எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் பிடிக்கிறது. நாலு ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை. லிட்டருக்கு 65, 70 கிலோமீட்டர் கிடைக்கிறது, நானும் மிதிப்பதால். எனக்கு ரொம்பப் பிடித்தது ரோலரைத் தூக்கும் லிவர். அதை இழுத்தால் ரோலர் டயரை விட்டு எழும்பிவிடும், அப்புறம் அது அப்பா ஓட்டிய அதே சைக்கிள். பெட்ரோல் தீர்ந்த ஒரு ராத்திரி விருதம்பட்டிலிருந்து வீடுவரை அப்படித்தான் மிதித்து வந்தேன்.

மழைக்கு இது ஆகாது. டயர் நனைந்தால் ரோலர் வழுக்கும், எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை நாளென்றால் லிவரைத் தூக்கிவிட்டு மிதிக்கலாம், இல்லையென்றால் பஸ். கிட் வாங்குபவர்கள் ரோலர் 25-ல் இருக்கிறதா, இரண்டு பக்கமும் பேரிங் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இல்லை என்றால் லேத்துக்கு ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். என் ரோலரின் அளவைப் பட்டறை அண்ணன் தன் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் ஒன்று உபரியாகக் கடைந்து வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.