ஜெல்லா, பான் மாத்திரையா? நெஞ்செரிச்சலில் எது எந்த வேலைக்கு

அம்மா ஏழெட்டு மாதமாகப் பான்டோபிரசோல் 40 போட்டுக்கொண்டிருந்தார். இட்லி, காபி எல்லாம் முடித்து, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து அதையும் விழுங்குவார். நெஞ்செரிச்சல் மட்டும் குறையவில்லை. தலைமாட்டில் பிங்க் நிற ஜெல் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். ஊற்றி ஊற்றி மூடியின் விளிம்பில் சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்து போயிருக்கும். “இதுதாண்டா கேக்குது, அந்த மாத்திரை தண்டம்” என்பார்.

மாத்திரை தண்டமில்லை. போட்ட நேரம்தான் தப்பு.

ஜெல்லின் வேலை எளிது. ஏற்கெனவே சுரந்து கிடக்கும் அமிலத்தை அதிலுள்ள அலுமினிய, மெக்னீசிய உப்புகள் முறித்துவிடும். சில நிமிடங்களில் எரிச்சல் அடங்கும். ஆனால் சுரப்பு நிற்காது. வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிது. சாப்பிட்ட பின் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரம். உணவுக்குழாயில் புண் விழுந்திருந்தால் அதை ஆற்ற ஜெல் போதாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகையறா, இரைப்பைக்குள் அமிலத்தைத் தள்ளும் பம்பையே அடைத்துவிடும். சூட்சுமம் இங்கேதான். சாப்பாடு வரும்போதுதான் அந்தப் பம்புகள் முழுமூச்சாக ஓடும். ஓடுகிற பம்பைத்தான் மருந்தால் பிடிக்க முடியும். மருந்தோ ரத்தத்தில் நெடுநேரம் தங்காது. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். அப்படிப் போட்டாலும் முழுப் பலன் தெரிய மூன்று நாலு நாள் ஆகும். அவசரத்துக்கு ஜெல், ஆற்றுவதற்கு மாத்திரை என்று நான் பிரிப்பது இதனால்தான். ஆனால் மாத்திரையை வருடக்கணக்கில் கேள்வியில்லாமல் போடவும் கூடாது. வழக்கமாக எட்டு வாரம் பார்த்துவிட்டு, தொடரலாமா குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். திடீரென நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாள் முன்னைவிட அதிகமாகவே சுரக்கும். அதைப் பார்த்து மாத்திரை இல்லாமல் முடியாது என்று பலர் பயந்துவிடுகிறார்கள்.

அம்மா இப்போது பல் தேய்த்ததும் மாத்திரை போடுகிறார், அரை மணி கழித்துத்தான் இட்லி. இரண்டு வாரத்தில் பாட்டில் அலமாரிக்குப் போய்விட்டது.

நடுவே ரானிடிடின் என்று ஒரு அமிலக் குறைப்பு மாத்திரை இருந்தது. என்டிஎம்ஏ என்ற மாசு கலந்திருப்பது தெரிந்து 2020-இல் அமெரிக்கா விலக்கியது. 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. அதே குடும்பத்து ஃபாமோடிடின் ராத்திரி எரிச்சலுக்கு உதவும், ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்திலேயே உடம்பு பழகி வேகம் குறைந்துவிடும்.

அப்புறம் படுக்கை. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து 15-20 செ.மீ. உயர்த்துவதுதான் சரி. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்கும், அமிலம் எளிதில் மேலேறாது. மருந்தில் அடங்காமல், சோதனையில் அமில ஏற்றமும் உறுதியானவர்களுக்கு, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ருடால்ஃப் நிஸன் 1950-களில் தொடங்கிவைத்த முறை அது.

இதெல்லாம் உணவுக்குழாயின் அடி வால்வு சரியாக மூடாத நோய்க்கு. அகலேசியா இதற்கு நேர் எதிர்: அந்த வால்வு திறக்கவே மறுக்கும். சோறும் தண்ணீரும் நெஞ்சிலேயே நிற்கும், படுத்தால் செரிக்காத சாப்பாடு வாய்க்கு வரும். நெஞ்சும் எரியும் என்பதால் பலர் இதையும் அசிடிட்டி என்றே மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறார்கள். அந்த மாத்திரை வால்வைத் திறக்காது. பலூனால் விரிப்பது, தசையை வெட்டிவிடுவது, அல்லது ஜப்பானில் இனோவே என்ற டாக்டர் 2008-இல் தொடங்கியதுபோல் எண்டோஸ்கோபி வழியாகவே வெட்டுவது என்று இதன் வழிகளே வேறு. விழுங்கச் சிரமம், எடைக் குறைவு, கறுப்பு மலம், இதில் ஒன்று தெரிந்தாலும் மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே எண்டோஸ்கோபி செய்யும் டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலியோடு வியர்த்தாலோ, வலி கை, தாடைக்குப் பரவினாலோ, சோடா குடித்துப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.