சந்தூர் பக்க நர்சரி: கன்று நன்று, ஆனால் மருந்து அடித்ததா என்று கேட்டு வாங்குங்கள்

ஒட்டு மாங்கன்று என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் கை காட்டுவது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரைத்தான். நான் போனது மாங்கன்றுக்காக இல்லை. பள்ளியின் சுற்றுச்சுவர் ஓரமாக, பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்து போகிற மாதிரி ஒரு தோட்டம் போடலாம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், அதற்காக ஜூனில் அங்கே ஒரு நர்சரியில் எலுமிச்சை, கறிவேப்பிலை, செம்பருத்தி, இட்லிப்பூ வாங்கினேன். எருக்கு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ரோட்டோரம் கிடக்குதுங்க டீச்சர், அதுக்குப் போயி காசு தருவீங்களா" என்றார் கடைக்கார அண்ணன். விற்கப் பார்க்காமல் சொன்னது பிடித்திருந்தது.

கன்றுகள் நல்ல கன்றுகள், வேர் உடையாமல் கட்டித் தந்தார்கள், ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் எலுமிச்சைத் துளிரில் பட்டாம்பூச்சி முட்டையிட்டு, பறவை எச்சம் போலவே இருக்கும் குட்டிப் புழுக்கள் வெளிவந்தன, பிள்ளைகள் தினமும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் ஒரு பெண் தீப்பெட்டியை நீட்டினாள். உள்ளே ஐந்து புழுக்கள், சுருண்டு கருத்துக் கிடந்தன. அவளுக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

நர்சரிக்கு போன் போட்டேன். இலையைக் குடைந்து தின்னும் இலைத்துளைப்பான் புழுவுக்கு இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து அடித்ததாக அண்ணன் மறைக்காமல் சொன்னார். மாந்தோப்பில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் அதே மருந்துதான், செடியின் சாற்றிலேயே கலந்து ஓடும், இலையைக் கழுவினாலும் போகாது, பூவின் தேனுக்கும் போய்விடும். விற்பவருக்கு ஓட்டை விழாத இலை வேண்டும், எங்களுக்கோ ஓட்டை விழுந்த இலைதான் வேண்டும், இதை வாங்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், அவரும் கேட்டிருக்கலாம்.

அப்புறம் அவரே மருந்து படாத எலுமிச்சை நான்கு மாற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. கறிவேப்பிலைக்குப் பிள்ளைகள் வழி கண்டுபிடித்தார்கள்: வீட்டு மரத்தடியில் வேரிலிருந்து முளைத்திருந்த கன்றுகளைப் பெயர்த்து வந்து நட்டார்கள். எருக்கு ரோட்டோரத்திலிருந்தே வந்தது, அதில் இப்போது கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிப் புழுக்கள். கறிவேப்பிலையில் பச்சைப் புழு ஒன்று, குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடையை விடுகிறது. வகுப்பே அதைச் சுற்றித்தான் நிற்கிறது.

இதே நர்சரிக்குத் திரும்பப் போவேன். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவைத்தால் மருந்து அடிக்காமல் தனியாக வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மாங்கன்று ஏற்றும் வண்டிகளுக்கு நடுவே நின்று பேச முடியாது.