பழைய புல்லட்டில் மிஸ்ஸிங் என்று போனால் இன்ஜினைப் பிரிக்கிறார்கள், உஷார்

பாயிண்ட் செட் (பிளக்கில் பொறி வருவதற்காகக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) உள்ள பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தருவதாகப் போர்டு வைத்திருக்கும் சென்னை ஒர்க்‌ஷாப் ஒன்றில் என் புல்லட்டுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலை எந்தக் கடையிலும் நடக்கலாம்.

வண்டி 1982 மாடல், 350 சிசி, 6 வோல்ட், வலது பக்கம் கியர். அப்பா புதிதாக வாங்கி ஓட்டியது. வார்ப்பிரும்பு சிலிண்டர், அதுவரை ஒரு தடவைகூடப் போர் போடாதது, அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்காதது. அப்பா ஒவ்வொரு செலவையும் டைரியில் எழுதி வைப்பார் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பிரச்சினை இதுதான். காலையில் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு மிஸ்ஸிங் ஆரம்பிக்கும். பாலம் ஏறும்போது, த்ராட்டிலைத் திறக்கும்போது பட் பட்டென்று அடைக்கும், சைலன்சரில் வெடிக்கும். ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி நன்றாக ஓடும். புகை கிடையாது. ஆயில் குறையவில்லை. கிக்கரில் நல்ல கம்ப்ரஷன் இருந்தது, அந்த அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவரான டீகம்ப்ரஷரைப் பிடிக்காமல் கிக்கரை இறக்கவே முடியாது.

இந்த மூன்றையும் முதல் நாளே கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட் மேல் சாய்த்து வைத்து, பையனைக் கிக்கர் அடிக்கச் சொன்னார். பிளக்கில் பொறி வந்தது. "பாருங்க சார், கரண்ட் நல்லா வருது. அப்ப இக்னிஷன்ல ஒண்ணும் இல்ல. போர் போயிடுச்சு, பிஸ்டன் அடி வாங்கியிருக்கு, இன்ஜின் இறக்கணும்" என்றார்.

இந்த ஒரு சோதனையைத்தான் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றில் பிளக் பொறி விடுவதற்குக் குறைந்த வோல்டேஜே போதும். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதைவிடப் பல மடங்கு வேண்டும். த்ராட்டிலைத் திறக்கத் திறக்க உள்ளே அழுத்தம் கூடும், தேவையும் கூடும். ஆக, ஹெட் மேல் வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று தெரிகிற பொறி, மேடு ஏறும்போது உள்ளே காணாமல் போகலாம். அதிலும் சூடேறினால் மட்டும் வருகிற கோளாறை, ஆறிக் கிடக்கிற இன்ஜினில் பார்த்துவிட்டு இக்னிஷன் சரி என்று தீர்ப்புச் சொன்னது பச்சைப் பொய்.

போர் தேய்ந்திருந்தால் அது டீ குடிக்கும் நேரத்தில் சரியாகி, பிறகு மறுபடி தேயாது. நீலப்புகை வரும், ஆயில் குடிக்கும், கிக்கர் லேசாக இறங்கும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கலாம். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு கூடினால் ரிங் பக்கம் கோளாறு, கூடாவிட்டால் வால்வு பக்கம் என்று ஓரளவு பிடித்துவிடலாம். சில நிமிட வேலை. கேஜையே அவர்கள் கையில் எடுக்கவில்லை.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். சில நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பக்கவாட்டில் ஆழமாகக் கீறல் விழுந்த பிஸ்டன். "இதுதான் சார் உங்க பிஸ்டன், நல்லவேளை இப்பவே பிரிச்சோம்" என்று ஒரு குரல் பதிவும் கூடவே. 20 போர் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிதாக்குவது) போட்டு, புது பிஸ்டன், ரிங், ஹெட் வேலை, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், கார்பரேட்டர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய் கேட்டார்கள். பில் என்று கொடுத்தது வெள்ளைத்தாளில் "இன்ஜின் ஒர்க் ஃபுல்" என்ற ஒரே வரி. ஜிஎஸ்டி எண் கிடையாது, பாகங்களின் பட்டியல் கிடையாது. பழைய பாகங்களைக் கேட்டதற்கு "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்றார்கள்.

எடுத்துக்கொண்டு வந்த வண்டி முன்பைவிட மோசமாக இருந்தது. இப்போது ஆறிய இன்ஜினிலேயே மிஸ்ஸிங், ஸ்டார்ட் ஆகவும் அடம். போன் செய்தால், "புது பிஸ்டன் சார், ரன்னிங் இன்ல அப்படித்தான் இருக்கும், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார். இதுவும் பொய்தான். புது பிஸ்டன் இறுக்கமாக இருக்கும், சூடாகும், மெதுவாக ஓட்ட வேண்டும், அதெல்லாம் சரி. ரன்னிங் இன் காரணமாக எந்த இன்ஜினும் மிஸ்ஸிங் அடிக்காது. கிலோமீட்டர் கணக்குச் சொல்வது ஆளை அலையவிட்டு ஓயவைப்பதற்குத்தான்.

ராயபுரம் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிற ஒரு பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். புல்லட் மட்டும்தான் பார்ப்பார். வந்தவுடன் ஸ்பேனரை எடுக்கவில்லை. என்ன நடந்தது, எப்போது அடைக்கிறது, சூடாகவா ஆறியபோதா என்று வரிசையாகக் கேட்டார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தார். மூடியில் காற்றுத்துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காமல் இப்படித்தான் அடைக்குமாம். மாற்றம் இல்லை. அடுத்து டேங்குக்கு அடியில் டார்ச் அடித்து, காயிலின் மேல் அச்சடித்திருந்ததை என்னையே படிக்கச் சொன்னார்.

12 வோல்ட் என்று இருந்தது.

6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் காயில்! அந்தக் காயிலுக்குள் போக வேண்டிய கரண்டில் ஏறக்குறைய பாதிதான் போகும். அதில் சேர்கிற சக்தியோ கால் பங்காகிவிடும். பாய் தன் டப்பாவிலிருந்து ஒரு பழைய 6 வோல்ட் காயிலை எடுத்து மாட்டினார். வண்டி இரண்டாவது உதையிலேயே பிடித்தது. "தம்பி, இப்ப நல்லா சூடாகிற வரைக்கும் ஓட்டிட்டு வாங்க" என்று அனுப்பினார். பீச் ரோட்டில் ஓட்டி வரும்போது பழைய மிஸ்ஸிங் அப்படியே திரும்பி வந்தது. அதே இடத்தில், அதே மாதிரி. இத்தனை ரூபாய் வாங்கியும் மூலக் கோளாறை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது அங்கேதான் உறுதியானது.

அதற்குள் இருட்டிவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிக் காட்டினார். பாயிண்ட் திறக்கும் இடத்தில் நீலமும் வெள்ளையுமாகத் தடித்த பொறி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. லேசான பொறி எல்லா வண்டியிலும் இருக்கும், இப்படி வெல்டிங் மாதிரி அடித்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம் என்றார். நிறுத்திவிட்டுப் பாயிண்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு முகத்தில் சின்னக் குழி, எதிர் முகத்தில் அதற்கு நேராக ஒரு மேடு. இங்கிருந்து கரைந்த உலோகம் அங்கே ஒட்டியிருந்தது.

கண்டென்சரின் வேலை இதுதான். பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் அந்த இடைவெளியைத் தாவப் பார்க்கும். அதைக் கண்டென்சர் உள்வாங்கிக்கொண்டால்தான் கரண்ட் சட்டென்று அறும். சட்டென்று அறுந்தால்தான் காயிலின் மறுபக்கத்தில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். கண்டென்சர் கெட்டால் அந்தச் சக்தி பாயிண்டை எரிப்பதில் போய்விடும், பிளக்குக்கு மிச்சம்தான் கிடைக்கும். உள்ளே இருக்கும் காப்புத்தாள் பழசானால் சூட்டில் கசிய ஆரம்பிக்கும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். என் வண்டி டீ குடித்த பிறகு ஒழுங்காக ஓடியதற்குக் காரணம் இதுதான். இதே அறிகுறி சூட்டில் கெடும் காயிலுக்கும் உண்டு, அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

புதுக் கண்டென்சரும் பாயிண்டும் போட்டு, பாயிண்ட் திறக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜில் 0.35 மி.மீ. வைத்தார். 0.35-லிருந்து 0.40 வரை இருக்கலாம். பிளக் இடைவெளியைச் சரிபார்த்தார். ஹெட்லைட் மேல் இருக்கும் அம்மீட்டர் முள் எப்போது நடுவுக்கு வருகிறது என்று பார்த்தே, பாயிண்ட் திறக்கும் நொடியைப் பிடித்து டைமிங் வைத்தார். காயிலைத் தவிர்த்துப் பாகங்களின் விலை ஐநூறு ரூபாய்க்குள். வண்டி மணி மாதிரி ஓடுகிறது.

கார்பரேட்டர் கதை தனி. ட்யூனிங் செய்ய உட்கார்ந்த பாய், "இது உங்க வண்டியோடது இல்ல தம்பி" என்றார். பழைய ஒரிஜினலில் உடம்பிலேயே கம்பெனிப் பெயர் வார்த்திருக்கும். இதில் எதுவும் இல்லை, ஸ்லைடு கடகடவென்று ஆடுகிறது. கடையில் விடுவதற்கு முன் எடுத்த படத்தில் அப்பா ஃப்ளோட் பவுல் ஸ்க்ரூவில் வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு தெளிவாகத் தெரிகிறது. இப்போது அது இல்லை. ஒரிஜினல் கார்பரேட்டர், ஒரிஜினல் 6 வோல்ட் காயில் போன்றவற்றுக்குப் பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எப்போதும் ஆள் காத்திருக்கிறது. இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்ததற்குக் கூலி ஒரு காரணம், இது இன்னொன்று என்றே நினைக்கிறேன்.

வாட்ஸ்அப் படத்தைப் பாயிடம் காட்டினேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்து, பிஸ்டன் தலையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். 20 என்று அடித்திருந்தது. ஓவர்சைஸ் பிஸ்டனில்தான் அந்த எண் இருக்கும். போரே போடாத என் ஸ்டாண்டர்ட் சிலிண்டரிலிருந்து அந்தப் பிஸ்டன் வந்திருக்க வழியே இல்லை. வேறு யாருடைய வண்டிப் பிஸ்டனையோ காட்டி என் சிலிண்டரைச் சுரண்டியிருக்கிறார்கள். எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். காயில் வேறு வாங்கலாம், கார்பரேட்டர் தேடலாம். 70 மி.மீ. போரில் சுரண்டிய இரும்பு திரும்பி வராது. அடுத்து 40, அப்புறம் 60, அதோடு உள்ளே புது இரும்புக் குழாய் செருகும் ஸ்லீவ்தான் போட வேண்டும். நாற்பது வருஷம் அப்பா பொத்திப் பாதுகாத்த சிலிண்டர் அது.

வண்டியை எங்கே விட்டாலும், விடுவதற்கு முன் கார்பரேட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுத்து, அங்கே நின்றே அந்தக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதி பதிவாகிவிடும். பழைய பாகம் ஒவ்வொன்றும் கைக்கு வர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். மிஸ்ஸிங் என்று சொன்னவுடன் இன்ஜினைப் பிரிக்கலாம் என்றால், கம்ப்ரஷன் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை அப்படியே தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். சிலிண்டரைப் போருக்கு அனுப்புவதற்கு முன் நேரில் போய், உங்கள் பிஸ்டனை உங்கள் சிலிண்டரோடு சேர்த்து வைத்து அளக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்கு அழைத்துப் பேசலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு, படங்கள் எல்லாமே என் மனுவோடு போயிருக்கின்றன. அந்த 20 அடித்த பிஸ்டன் படம்தான் முதல் இணைப்பு.