மலிவு விலை மடக்குக் கத்தி வாங்கலாமா? ஐந்தை அருகருகே வைத்து ஓர் அலசல்

மலிவான பாக்கெட் கத்தி வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் எந்த மலிவு என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். செய்முறை எளிமையாக இருப்பதால் விலை குறைந்த கத்தி ஒரு வகை. பார்க்கப் பெரிய கத்தி போல மின்னவேண்டும் என்று அலங்காரத்துக்குச் செலவழித்துவிட்டு எஃகிலும் திருகாணியிலும் காசை மிச்சம் பிடித்தது இன்னொரு வகை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், பல சமயம் இரண்டாவதுதான் இன்னும் அழகாக இருக்கும், அங்கேதான் நம் பணம் போகிறது.

முதலில், கத்தி எதற்கு? பார்சல் பிரிக்க, சணலும் தேங்காய்நாரும் அறுக்க, பயணத்தில் கொய்யாவோ மாங்காயோ நறுக்க, மாடித்தோட்டத்தில் காய்ந்த காம்பை நீக்க, வயரின் தோலைச் சீவ, பென்சில் கூராக்க. இவ்வளவுதான். தற்காப்புக்கு என்று கத்தி தேடுபவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது, அந்த எண்ணமே வேண்டாம் என்பதுதான் அவர்களுக்கு என் பதில்.

திருவிழாக் கடையிலும் நடைபாதையிலும் நூறு இருநூறுக்குக் கிடைக்கும் "ஒன்றில் பதினொன்று" கத்தியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நம்மில் பெரும்பாலானோர் முதலில் வாங்குவது அதைத்தான். சிவப்புப் பிடி, உள்ளே கத்தி, கத்தரி, ரம்பம், திருப்புளி, பாட்டில் திறப்பான், செதில் சுரண்டி என்று வரிசையாக இருக்கும். சுவிஸ் ராணுவக் கத்தியின் நகல் என்று பார்த்தவுடனே தெரியும். அசலில் ஒவ்வொரு கருவியையும் தாங்கிப் பிடிப்பது முதுகுப்பக்கம் உள்ள எஃகு வில். அந்த வில்லுக்குச் சரியான சூடும் தோய்ச்சலும் (சூடேற்றிய எஃகைத் தோய்த்துக் கடினமாக்கும் வேலை) கொடுக்கச் செலவாகும். நகலில் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் சில மாதத்தில் வில் தளர்ந்து, கத்தியைத் திறந்தால் தலையாட்டும், சற்று அழுத்தினால் விரல் மேலேயே மடங்கும். அதன் கத்தரி துணியை வெட்டாது, மடிக்கும். ரம்பம் ஒரு குச்சியை அறுப்பதற்குள் பல் மழுங்கிவிடும். அலகில் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் பொறித்திருக்கும். அது துரு சுலபத்தில் பிடிக்காது என்று சொல்கிறதே தவிர, கூர் நிற்குமா என்று சொல்லவில்லை. எவர்சில்வர் தட்டும் ஸ்டெயின்லெஸ்தான், அதில் கூர் வைத்து என்ன பயன்? இந்தக் கத்தியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், குறிப்பாகக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். மழுங்கிய கத்தியை ஆள் அழுத்திப் பிடிப்பார், அழுத்தும்போது தளர்ந்த கத்தி மடங்கும், இரண்டும் சேர்ந்தால் காயம்தான்.

அடுத்தது ஆன்லைனில் ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள் குவிந்து கிடக்கும் சீன மடக்குக் கத்திகள். இவற்றை ஒரே கூடையில் போடக்கூடாது, இதற்குள்ளேயே இரண்டு சாதி உண்டு.

ஒன்று, கறுப்புப் பூச்சு, பிடியில் மண்டை ஓடு அல்லது டிராகன், பின்பக்கம் கார் கண்ணாடியை உடைக்கும் முனை, சீட் பெல்ட் அறுக்கும் கொக்கி, பொத்தானைத் தொட்டால் படாரென்று விரியும் வில். சிலவற்றில், அடுக்கடுக்காக அடித்துச் செய்யும் டமாஸ்கஸ் எஃகு போல அலை அலையான கோலமும் இருக்கும். பெரும்பாலும் அது மேற்பரப்பில் அச்சடித்தது, சில முறை சாணை பிடித்தால் கூர்முனை ஓரத்தில் கோலம் மறைந்து வெறும் எஃகு தெரியும். என்ன எஃகு என்று விற்பவர் எழுதியிருக்க மாட்டார், அல்லது "440" என்று மொட்டையாக எழுதியிருப்பார். 440 என்பதில் ஏ, பி, சி என்று மூன்று உண்டு, கார்பன் அளவு ஒன்றுக்கொன்று ஏறிக்கொண்டே போகும், சி-தான் கத்திக்கு உசத்தி. கடைசி எழுத்தை மறைத்தவர் சி போட்டிருப்பார் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இன்னொன்று, சான்ரென்மு, கான்சோ போன்ற பெயர் சொல்லி விற்கும் கத்திகள். இவை எஃகின் பெயரை வெளிப்படையாகச் சொல்கின்றன: 8சிஆர்13எம்ஓவி, 440சி, டி2 என்று. இந்தப் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது சுலபம். 8சிஆர்13 என்றால் சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். 3சிஆர்13 என்று கண்டால் கார்பன் 0.3 சதவீதம்தான். கார்பன் குறையக் குறைய எஃகை எவ்வளவு சூடேற்றித் தோய்த்தாலும் கடினம் ஒரு எல்லைக்கு மேல் ஏறாது, கூர் சீக்கிரம் வளைந்துவிடும். 8சிஆர்13எம்ஓவி-யை ஒழுங்காகப் பதப்படுத்தினால் ராக்வெல் கடின அளவில் 57, 58 என்று வரும், வீட்டு உபயோகத்துக்கு அது போதும், வீட்டிலேயே கல்லில் தீட்டவும் முடியும். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியைத் தாங்குகிறதே, லைனர் லாக் என்பார்கள், அதுவும் இந்தக் கத்திகளில் பொதுவாக உருப்படியாக வேலை செய்கிறது. விலை கொஞ்சம் ஏறினாலும் இந்த இரண்டாவது சாதி கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்ததுக்கு வருகிறேன். பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடிவாரமான சவோய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒபினெல் செய்ய ஆரம்பித்த விவசாயிக் கத்தி, கத்திக்கும் ஒபினெல் என்றுதான் பெயர். ஒரு மரப் பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, ஒரு வளையம், முடிந்தது கதை. முதலில் வளையம்கூட இல்லை, 1955-இல்தான் கழுத்தில் சுழலும் பூட்டு வளையம் வந்தது, அதைத் திருப்பினால் திறந்த அலகு மடங்காது. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பைக்குள் தானாக விரியாது. எண் வரிசையில் அளவு போகும். எல்லோருக்கும் பொருந்துவது எட்டாம் எண், அலகு 8.5 சென்டிமீட்டர், மொத்த எடை 50 கிராமுக்கும் குறைவு. சட்டைப்பையில் இருப்பதே தெரியாது.

அதன் ஊரில் இது ஏழை எளியவர் கத்தி. இங்கே இறக்குமதியாகி வருவதால் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது, அதனால் "இதைப் போய் மலிவு என்கிறாயே" என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் நடைபாதைக் கத்தியில் இரண்டு மூன்று வாங்கித் தூக்கிப் போட்டபின் இதை வாங்குவதற்குப் பதில் முதலிலேயே இதை வாங்கினால் மிச்சம்தான். கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று பாருங்கள்: அலகுக்கு. மெல்லியதாக, விளிம்பு நோக்கிச் சீராகச் சரிந்து இறங்கும் அலகு. தக்காளித் தோலில் வைத்தால் தானே இறங்கும். தடித்த அலகுள்ள, ராணுவ பாணி "டாக்டிகல்" கத்தி அதே தக்காளியை நசுக்கும், ஆப்பிளை வெட்டாமல் பிளக்கும். வெட்டும் வேலைக்குக் கூரோடு அலகின் தடிமனும் முக்கியம் என்பதைக் கத்தி விற்பவர்கள் சொல்வதே இல்லை.

இதில் கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு உண்டு, நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். கார்பன் அலகு தீட்டச் சுகம், கல்லில் நாலு இழு இழுத்தால் சவரக்கத்தி போல வந்துவிடும். ஆனால் எலுமிச்சை, மாங்காய், புளி பட்டால் நீலமும் கறுப்புமாகக் கறை படியும், முதல் சில நாள் பழத்தில் இரும்பு வாடையும் வரும். அந்தக் கறை நல்லது, சிவப்புத் துருவிடமிருந்து ஓரளவு காக்கும். சிவப்புத் துருதான் எதிரி. சென்னை, தூத்துக்குடி, நாகை போலக் கடற்காற்று அடிக்கும் ஊரில் ஈரத்தோடு மடக்கி வைத்தால் ஒரே இரவில் புள்ளி விழும். துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கப் பொறுமை இருந்தால் கார்பன் எடுங்கள். இல்லையென்றால் 12சி27 என்ற ஸ்வீடன் எஃகில் வரும் ஸ்டெயின்லெஸ் எடுங்கள், வெட்டுவதில் பெரிய குறை எதுவும் இல்லை. நான் பெரும்பாலானோருக்கு ஸ்டெயின்லெஸ்தான் சொல்வேன்.

குறை என்றால் மரப் பிடிதான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மரம் ஊறிப் பருத்து அலகை இறுக்கிக்கொள்ளும், நகத்தால் திறக்கவே வராது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் அடிப்பக்கத்தை மேசை ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை வெளியே எட்டிப் பார்க்கும், அதைப் பிடித்துத் திறந்துகொள்ளலாம். ஆணி இருக்கும் இடத்தில் மரத்துக்கு எண்ணெய் காட்டினால் இறுக்கம் குறையும். மீன் கழுவுகிற இடத்துக்கும் படகுக்கும் மட்டும் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்து அசல் சுவிஸ் கத்தி, விக்டோரினாக்ஸ். கார்ல் எல்செனர் 1884-இல் இபாக் கிராமத்தில் பட்டறை தொடங்கினார், 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுத்தார், நாம் இன்று பார்க்கும் வடிவத்துக்கு மூலமான அதிகாரிகள் கத்தி 1897-இல் பதிவானது. சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர் கிளாசிக் இருக்கிறதே, அதன் கத்தரி ஒன்றுக்காகவே அதை வாங்கலாம். நகம், நூல், மருந்துப் பட்டை, பால் பாக்கெட் எல்லாவற்றுக்கும் அது போதும். கொஞ்சம் பெரியதாக வேண்டுமென்றால் 91 மில்லிமீட்டர் ஸ்பார்டன்: பெரிய அலகு, சின்ன அலகு, டின் திறப்பான், பாட்டில் திறப்பான், துளையிடும் ஊசி. இதன் எஃகு வேண்டுமென்றே சற்று மென்மையாக, ராக்வெல் 56 அளவில் வைக்கப்பட்டது. கூர் சீக்கிரம் குறையும், ஆனால் சமையலறையில் பீங்கான் கோப்பையின் அடியில் உள்ள கரடுமுரடான வளையத்தில் தேய்த்தாலே திரும்ப வந்துவிடும். துருவைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த இரண்டு மாடலிலும் அலகுக்குப் பூட்டு கிடையாது, வில்தான் தாங்குகிறது, ஆனால் அந்த வில் பல வருடம் தளராது.

ஒபினெலா விக்டோரினாக்ஸா என்றால், பழமும் காய்கறியும் வெட்டுபவருக்கு முதலாவது, அலுவலகத்திலும் பயணத்திலும் பல சில்லறை வேலை இருப்பவருக்கு இரண்டாவது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், பராமரிக்கவும் சோம்பல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விக்டோரினாக்ஸ். ஆனால் போலி ஏராளம். அலகின் அடிப்பகுதியில் பெயரும் "ஸ்விஸ் மேட்" என்பதும் சுத்தமாகப் பொறித்திருக்க வேண்டும். எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால், கருவியைத் திறக்கும்போது "டக்" என்ற அறுதியான சத்தம் இல்லாவிட்டால், வைத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாவதாக ஹார்ட்வேர் கடையில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் கட்டர். முனை மழுங்கினால் ஒடித்துவிட்டு அடுத்த துண்டை நீட்டும் இந்த ஏற்பாட்டை 1956-இல் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா உருவாக்கினார். அட்டைப்பெட்டி பிரிக்க இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. உங்கள் வேலை பார்சலோடு முடிகிறது என்றால் மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டாம், இது போதும். பழம் வெட்டவும் குச்சி சீவவும் ஆகாது, பக்கவாட்டு அழுத்தத்தில் துண்டு ஒடிந்து தெறிக்கும்.

நம் ஊர்ப் பட்டறைக் கத்தியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். திருப்பாச்சேத்தி போல அரிவாளுக்குப் பேர்போன ஊர்கள் நமக்கு உண்டு, லாரிப் பட்டையை அடித்துச் செய்யும் கொல்லரின் அலகு நல்ல கத்திதான். தோட்டம் துரவு இருப்பவர் ஒரு சின்னக் கத்தியைக் கொல்லரிடம் சொல்லிச் செய்துகொள்வது எவ்வளவோ மேல். ஆனால் பையில் மடக்கி வைக்கும் கத்திக்கு ஆணியும் பூட்டும் நுணுக்கமாகப் பொருந்த வேண்டும், அந்த வேலையை எடுத்துச் செய்யும் பட்டறைகள் குறைவு, அதனால்தான் விட்டேன்.

எந்தக் கத்தி வாங்கினாலும் கூடவே இரண்டு பக்கக் கல் ஒன்று வாங்குங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை, ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். அலகைக் கல்லில் 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடித்து, இரண்டு பக்கமும் சம அளவில் தேய்த்து, விளிம்பில் பிசிறு தட்டுப்பட்டதும் மென்மையான பக்கத்துக்கு மாறி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் அலகின் முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வருமாறு நாலு முறை இழுத்தால் போதும். வீதியில் சைக்கிள் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், இந்த மெல்லிய அலகைக் கொடுக்காதீர்கள். தண்ணீரில்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விளிம்பு சூடாகி நீலம் ஏறினால் அந்த இடம் 300 டிகிரி வரை போய்விட்டது என்று அர்த்தம், தோய்ச்சல் போச்சு, அப்புறம் அந்தப் பகுதியில் கூர் நிற்காது. நல்ல எஃகுள்ள மழுங்கிய கத்தியைவிட, சுமாரான எஃகில் ஒழுங்காகத் தீட்டிய கத்தி நன்றாக வெட்டும். மலிவான கத்தி வாங்குபவருக்குக் கல்தான் பாதிக் கத்தி.

கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் மூன்று விஷயம் பாருங்கள். திறந்து பூட்டிய அலகை இடம் வலமாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. விரல்களை மடக்கும் பாதையிலிருந்து விலக்கிவிட்டு அலகின் முதுகை மெல்ல அழுத்துங்கள், பூட்டு நழுவக்கூடாது. மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கத் தகட்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் சட்டம். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, சாவிக்கொத்தில் தொங்கும் கிளாசிக்கையும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், எனவே செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். பிரிட்டனில் இருக்கும் உறவினருக்குப் பரிசு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை: அங்கே தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்பது 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை மட்டும்தான். எட்டாம் எண் ஒபினெலில் அலகும் நீளம், பூட்டும் உண்டு, அதனால் அவர்களுக்குக் கிளாசிக் வாங்கி அனுப்புங்கள்.