பஞ்சிகாவத்தையில் பிஎஸ்ஏ பி31 எஞ்சின் வேலை: எதை நம்பிக் கொடுக்கலாம்?

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளான பிஎஸ்ஏ பி31இன் எஞ்சினை முழுதாகக் கழற்றிச் செய்ய வேண்டுமென்றால், கொழும்பில் பஞ்சிகாவத்தையை விட்டால் வேறு வழி குறைவு. லேத், போரிங், பிரெஸ், வெல்டிங் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. வேலைகாரர்களின் கை திருத்தமானது. ஆனால் அந்தக் கை பழகியது ஜப்பான் எஞ்சின்களில். 1945இல் வந்த 348 சிசி இரும்புச் சிலிண்டருக்கு அதே அளவுகள் பொருந்தாது. வேலையை அவர்களிடம் விடலாம், அளவை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கும் வேலைதான், இங்கே கிடைக்கும் மிகச் சிறந்த சேவை. இருந்தாலும் பிஸ்டன் கைக்கு வரும்வரை சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். கடைந்த சிலிண்டருக்குப் போடும் பெரிய பிஸ்டன் அளவுகளை ஓவர்சைஸ் என்பார்கள். ஹொண்டா, யமஹா ஓவர்சைஸ்கள் 0.25, 0.50 மில்லிமீற்றர் என்று கூடிப்போகும். பிஎஸ்ஏ பிஸ்டன்களோ அங்குலக் கணக்கில் 0.020, 0.040 என்று போகும். "இரண்டாவது ஓவர்சைஸ்" என்று வாயால் சொன்னால் போரிங் பாஸ் 0.50 வெட்டுவார், உங்கள் பிஸ்டனுக்குத் தேவை 1.016 ஆக இருக்கும். பிஸ்டனையே மேசையில் வைத்து, பிஸ்டன் பின் என்ற தண்டுக்குக் குறுக்காக, பாவாடை எனப்படும் கீழ்ச் சுவரின் அடிப்பகுதியை மைக்ரோமீற்றரால் அளந்து, அதற்கு மேல் 0.08 முதல் 0.10 மில்லிமீற்றர் இடைவெளி என்று தாளில் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் சின்ன ஜப்பான் எஞ்சின் கணக்கில் 0.04 விடுவார்கள். காலி வீதி நெரிசலில் காற்றோட்டம் இல்லாமல் நிற்கும்போது பிஸ்டன் விரிந்து பிடித்துவிடும்.

சிலிண்டரை எடுக்கப் போகும்போது மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02ஐத் தாண்டினால் திருப்பிக் கொடுங்கள், முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையில் ஃபீலர் கேஜ் விட்டால் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர் வரை வாய் இருக்க வேண்டும். குறைந்தால் அரத்தால் ராவலாம். கூடினால் ஒன்றும் செய்ய முடியாது.

கிராங்க் நேராக்கும் வேலையையும் தயங்காமல் கொடுக்கலாம். டயல் கேஜ் போட்டுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், 0.05க்குள் நின்றால் சரி. கிராங்கோடு கனெக்டிங் ரொட் சேரும் பிக் எண்ட் ரோலருக்கு மட்டும் "இதுவும் அதே சைஸ்தான்" என்று வேறு வண்டிச் சாமானை எடுத்துத் தந்தால் ஏற்க வேண்டாம். அதை இங்கிலாந்திலிருந்து தருவிப்பதே நல்லது.

போல்ட் விஷயத்தில் பஞ்சிகாவத்தைக்கு என் மதிப்பெண் மிகக் குறைவு. பிஎஸ்ஏயின் 5/16 அங்குல சைக்கிள் மரைக்கு அங்குலத்துக்கு 26 புரி, கடையில் கிடைக்கும் எம்8 போல்ட்டுக்கு ஏறத்தாழ 20. தடிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு அலுமினியக் கேஸின் மரையைத் தின்றுவிடும். பழைய போல்ட்டுகளை ஒன்றுவிடாமல் பெட்டியில் போட்டு, எது எந்த இடம் என்று எழுதி வையுங்கள்.

தீப்பொறிக்கு மின்சாரம் தரும் லூகாஸ் மெக்னீற்றோவைப் பொது எலெக்ட்ரிக் கடையில் கொடுக்காதீர்கள். குளிரில் ஒரே உதையில் பிடிக்கும் வண்டி சூடானதும் சிக்னலில் நின்று மறுபடி கிளம்பாது என்றால், அதன் சுழலும் ஆர்மேச்சருக்குள் இருக்கும் கண்டென்சர் செத்திருக்கும், அல்லது சுருளின் காப்பு நம் வெப்பத்தில் இளகியிருக்கும். பொயிண்ட் தொடுமுனைகளை ராவி, இடைவெளியை 0.30 மில்லிமீற்றருக்கு வைத்துத் தந்தால் மட்டும் இது தீராது. புதிய கண்டென்சருடன் சுருளை மறுபடி சுற்ற வேண்டும். செலவு கூடினாலும் எஞ்சினுக்குச் செய்யும் மேம்பாடுகளில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

அடுத்தது கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது. கம்பெனி 6.5க்கு 1 வைத்தது அந்தக் கால மட்டமான பெற்றோலுக்காக. இங்கே 92 ஒக்டேன் கிடைப்பதால் 7.5 பிஸ்டன் தாராளமாகத் தாங்கும், ஏற்றத்தில் இழுவை தெரியும். அதற்கு மேல் போனால் பிக் எண்டுக்குத்தான் சுமை.

நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஒயில் டாங்கிலிருக்கும் ஒயில், பம்ப் வழியாக இறங்கி கிராங்க் கேஸில் நிறையும். இதற்கு ஒயில் குழாயில் டெப் பூட்டித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம். திறக்க மறந்து ஒரு தடவை ஓட்டினால் இத்தனை செலவும் வீண். பம்புக்கு அடுத்துள்ள குண்டு வால்வின் இருக்கையைச் சுத்தம் செய்து, புதுக் குண்டும் ஸ்பிரிங்கும் போடச் சொல்லுங்கள். சின்ன வேலை, அங்கேயே முடியும்.

முழுதாகக் கழுவிப் பூட்டிய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 போதும், முதல் ஒயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். ஞாயிறும் போயா நாளும் தவிர்த்து, காலையிலேயே போனால் பாஸ் நின்று கதைக்க நேரம் கிடைக்கும்.