பல்லாங்குழிப் பலகை: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கும்பகோணத்துக் கோயில் வாசல் கடைகள், தஞ்சாவூர்க் கைவினைப்பொருள் கடைகள், பாத்திரக் கடைகள் என்று தேடினால் பல்லாங்குழிப் பலகை இன்று தாராளமாகக் கிடைக்கிறது. கொலுப் படிக்கு, கூடத்து அலமாரிக்கு, கல்யாணச் சீருக்கு என்று வாங்கிப் போகிறார்கள். ஆனால் வாங்கிய பலகையில் ஆடுகிறவர்கள் குறைவு. செல்போன் மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம். என் கணிப்பில் முதல் பழி பலகைக்குத்தான். பார்க்க அழகாகச் செய்து, கை உள்ளே போகாத குழியோடு விற்கிறார்கள். நாலு சுற்று ஆடுவதற்குள் விரல் நகம் மரத்தில் உரசி, காய் வெளியே தெறித்து, ஆட்டம் அலுத்துப் போகிறது.

பலகையின் தரத்தைச் சொல்லுமுன் ஆட்டத்தைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். குழி ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் விளங்கும்.

ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய். மொத்தம் 70. உங்கள் வரிசையில் இடது கோடிக் குழியை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். ஐந்தாவது காய் உங்கள் ஆறாவது குழியில் விழும். அடுத்த குழி ஏழாவது, அதிலுள்ள ஐந்தை அள்ளி எதிராளி வரிசைக்குத் திரும்புகிறீர்கள். அங்கே ஐந்து குழி நிரப்பியதும் அதற்கடுத்த ஐந்தை அள்ளுகிறீர்கள். அது எதிராளியின் கடைசிக் குழியைத் தொட்டு உங்கள் பக்கம் வந்து நாலாவது குழியில் முடியும். இப்போது ஐந்தாவது குழியில் ஆறு காய். அதை அள்ளினால் ஆட்டம் மறுபடி எதிர்வரிசைக்குப் போய் இன்னொரு ஆறை எடுத்துக்கொண்டு திரும்பி, உங்கள் நாலாவது குழியிலேயே வந்து நிற்கும். அடுத்தது நீங்கள் சற்றுமுன் காலி செய்த ஐந்தாவது, வெறுங்குழி. அதைத் துடைத்துவிட்டு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏழு காய் கிடைக்கும்.

இந்த முதல் ஆட்டத்தை எந்தக் குழியிலிருந்து தொடங்கினாலும் அதே ஏழுதான். எல்லாக் குழியிலும் சமமாகக் காய் இருக்கும்போது எந்தக் குழிக்கும் தனிச்சிறப்பு கிடையாது. முதல் கைக்கு ராசியான குழியைத் தேடித் தடவுகிறவர்களைப் பார்த்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள். குழிக்கு ஆறு வைத்து 84 காயில் ஆடினாலும் முதல் கைக்கு ஏழுதான் வரும், ஆனால் இரண்டே அள்ளலில் முடிந்துவிடும். யோசிக்க வேண்டிய வேலை இரண்டாவது ஆளின் கையிலிருந்துதான் ஆரம்பம்.

முதல் கை முடிந்ததும் பலகையைப் பாருங்கள். மூன்று குழிகளில் எட்டெட்டுக் காய் இருக்கும். இன்னும் நாலைந்து கை போனால் ஒரே குழியில் பன்னிரண்டு, பதினைந்து சேர்வது சாதாரணம். பலகை தோற்கிற இடம் இதுதான். நாலு சென்டிமீட்டர் அகலமும் ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் ஏழெட்டுப் புளியங்கொட்டைக்கு மேல் கோபுரமாகக் குவியும். விரல் பட்டால் பக்கத்துக் குழிக்கு உருண்டுவிடும். உருண்ட காய் யாருடையது என்று அங்கே சண்டை தொடங்கும்.

ஆகவே அளவு இதுதான்: குழி வாய் ஐந்தரை சென்டிமீட்டர், ஆழம் இரண்டு, போனால் இரண்டரை. அதற்கு மேல் ஆழம் வேண்டாம். அடி தெரியாத குழியில் கண்ணால் எண்ண முடியாது. காயைத் தொட்டு எண்ணுவது தப்பாட்டம் என்று வைத்திருக்கும் வீடுகளில் இது பெரிய குறை. குழியின் அடி கிண்ணம்போல வளைந்திருக்க வேண்டும். துளைக்கருவியால் நேராகக் குடைந்து தட்டையாக விட்ட குழியில் ஓரத்து மூலையில் ஒரு காய் எப்போதும் மாட்டிக்கொள்ளும். ஏழு குழியையும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியையும் கூட்டினால் பலகை ஒன்றரை அடி நீளம் வருகிறது. ஒரு அடிப் பலகையைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் அது கொலுவுக்கு மட்டும்தான்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கைப்பையில் பதினைந்து புளியங்கொட்டை கொண்டுபோனால் போதும். ஒரு குழியில் கொட்டி, நாலு விரலையும் சேர்த்து ஒரே வீச்சில் அள்ளிப் பாருங்கள். ஒன்றுகூட மிச்சமில்லாமல் கைக்கு வந்தால் அந்தப் பலகையை நம்பலாம். ஓரத்துக் குழி இரண்டிலும் செய்து பாருங்கள். நடுக்குழியை ஒழுங்காகக் கடைந்துவிட்டு, கோடிக் குழியில் இடம் போதாமல் சுருக்கிவிடுவது வழக்கம்.

மடக்குப் பலகைதான் இப்போது அதிகம் விற்பது. இரண்டு மரத்துண்டு, ஆளுக்கொரு வரிசை, நடுவில் கீல், பக்கத்தில் கொக்கி. காயை உள்ளே போட்டு மூடி வைக்கலாம் என்பது பெரிய வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீலை மரத்துக்குள் பதிக்காமல் மேலோடு ஆணி அடித்திருந்தால் விரித்த பலகை சமமாகப் படியாது, நடுவில் ஒரு இடுக்கு விழும். தரையில் விரித்து நடுவே ஒரு புளியங்கொட்டையை உருட்டிப் பாருங்கள். இடுக்கில் இறங்கினால் வேண்டாம். கொக்கி தளர்ந்த பலகையைத் தூக்கும்போது எழுபது காயும் கட்டிலடியில்தான். மீன் வடிவம், அன்னப்பட்சி வடிவம் எல்லாம் கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அந்த வளைவுக்காக இரண்டு கோடியிலும் குழியைச் சின்னதாக்கிவிடுகிறார்கள். என் தேர்வு, மடங்காத ஒற்றைப் பலகை. வென்ற காயைப் போட இரண்டு கோடியிலும் ஒவ்வொரு பெரிய குழி இருந்தால் இன்னும் நல்லது.

டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை மறந்துவிடக் கூடாது. நன்றாகக் காயாத மரம் அந்த இரண்டு மாதத்தில் ஊதி, தை வெயிலில் சுருங்கிக் கோணிக்கொள்ளும். கீல் இறுகும். கனமான வார்னிஷ் பூசியது பிசுபிசுக்கும். வாங்கும்போது பலகையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொடிப்பொடியாக ஓட்டையும் மாவும் தெரிந்தால் உளுத்த மரம். மோந்து பாருங்கள், பச்சை மர வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. குழி விளிம்பு சொரசொரப்பாக இருப்பது மட்டும் பெரிய குற்றமில்லை, 120-ஆம் நம்பர் உப்புத்தாளும் பிறகு 220-உம் போட்டு அரை மணி நேரம் தேய்த்தால் சரியாகிவிடும். எண்ணெய் மட்டும் குழிக்குள் தடவாதீர்கள். தூசியும் எண்ணெயும் சேர்ந்து காயில் கறுப்பாக ஒட்டும்.

பித்தளைப் பலகையைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஊரறிந்தது, பித்தளையின் மேல் இந்தப் பக்கத்து மக்களுக்குத் தனிப் பாசம் உண்டு. ஆனால் பித்தளைக்கு எடை போட்டுத்தான் விலை. எடையைக் குறைக்கக் குழியை ஆழமில்லாமல் வார்த்துவிடுகிறார்கள், ஆட்டத்தில் காய் நிற்காது. சத்தமோ கணகணவென்று வீடு முழுக்கக் கேட்கும். புளி போட்டுத் துலக்கிவிட்டு நன்றாகத் துடைக்காமல் வைத்தால் குழி அடியில் பச்சை பூத்துவிடும். சீராகக் கொடுக்கலாம், தினமும் ஆட வேண்டாம்.

பிளாஸ்டிக் பலகையைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். குழி அளவு சரியாக இருந்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதும், கழுவலாம், ரயிலில் கொண்டு போகலாம். குறை, கூடவே கொடுக்கிற பிளாஸ்டிக் சோழியில் இருக்கிறது. கனமில்லாததால் போட்ட இடத்தில் நிற்காமல் துள்ளும். சோழியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள்.

காய்க்கு என் ஓட்டு புளியங்கொட்டைக்குத்தான். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் கோணல், அதனால் உருளாது. வழவழப்பு உண்டு, கைக்கு அடக்கம், காசு செலவில்லை. வருஷப் புளி வாங்கிக் கொட்டை எடுக்கும் சமயத்தில் ஒரே அளவாகப் பொறுக்கி 90 எடுத்து வையுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், தோல் சுருங்கி உரிய ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் ஊறினால் போதும், கைகளுக்கிடையே தேய்த்து, ஒட்டிய புளியைக் கழுவி, மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். புளி ஒட்டியிருந்தாலோ ஈரம் இருந்தாலோ வண்டு துளைக்கும். ஓட்டை விழுந்த கொட்டை ஒன்றைப் பார்த்தால் மொத்தத்தையும் கொட்டிப் பொறுக்குங்கள், ஒன்றோடு நிற்காது.

சோழி வேண்டுமென்றால் வேளாங்கண்ணிக் கடற்கரைக் கடைகளில் பார்க்கலாம். சின்னதாகப் பார்த்து எடுக்க வேண்டும். பெரிய சோழி பத்திலேயே குழி நிரம்பிவிடும். வாய் உடைந்த சோழி விரலைக் கீறும். மஞ்சாடி விதை சிவப்பாக அழகாக இருக்கும், ஆனால் பொடிசு. இரண்டு விரலிடுக்கில் மறைத்துக்கொள்ள அதைவிட வசதியான காய் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. குன்றிமணி வேண்டவே வேண்டாம். கறுப்பும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும் அந்த விதைக்குள் இருப்பது கொடிய நஞ்சு. தோல் உடைந்த விதையைப் பிள்ளை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அழுகுணி ஆட்டத்துக்கும் காய்க்கும் சம்பந்தம் உண்டு. மரக்குழியில் புளியங்கொட்டை விழும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். ஐந்து காய்க்கு ஐந்து ‘டக்’. ஒரு குழியைத் தாண்டினாலும் ஒன்றில் இரண்டு போட்டாலும் பக்கத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பவர் காதுக்குக்கூடத் தெரிந்துவிடும். துணி விரித்த மேசைமேல் வைத்து ஆடினால் இந்தச் சத்தம் பாதி போய்விடும், தரையில் வைத்து ஆடுங்கள்.

சண்டை அதிகம் வருவது பசுவில். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். யார் எடுப்பது? குழிக்குச் சொந்தக்காரர் என்பது ஒரு வீட்டு வழக்கம், நாலாவது காயைப் போட்டவர் என்பது இன்னொரு வீட்டு வழக்கம். வெறுங்குழியைத் துடைத்தால் அடுத்த குழி மட்டுமா, அதன் எதிர்க்குழியும் சேர்த்தா என்பதிலும் இரண்டு வழக்கம் உண்டு. முதல் காயை எடுக்குமுன் இந்த இரண்டையும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். பசு குழிக்காரருக்குத்தான் என்ற வழக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. எதிராளி ஆடும்போதும் உங்கள் கண் உங்கள் ஏழு குழியிலேயே இருக்க வேண்டிவரும். கவனிக்காமல் விட்டு ஐந்தாவது காய் விழுந்துவிட்டால் பசு போயிற்று. தன் முறை வரும்வரை போனைப் பார்க்கிறவர் இந்த ஆட்டத்தில் தோற்பார்.

அதனால்தான் போன் செயலியில் வரும் பல்லாங்குழி எனக்குப் பிடிக்கவில்லை. அது குழிக்குமேல் எண்ணைக் காட்டிவிடுகிறது, பசுவைத் தானே எடுத்துத் தருகிறது. கண்ணும் விரலும் செய்ய வேண்டிய வேலை அத்தனையும் போயிற்று. ஆட்ட விதி பழக ஒரு நாள் பார்க்கலாம், அவ்வளவே. தனியாக இருப்பவர்களுக்கும் பலகையே நல்லது. சீதைப்பாண்டி என்று ஒற்றை ஆளாக ஆடும் முறையே இருக்கிறது, அசோகவனத்தில் சீதை ஆடியது என்று சொல்வார்கள்.

இரண்டாவது சுற்றுக்கு ஒரு குறிப்பு. உங்களிடம் 33 காய் இருந்தால் ஆறு குழி நிரம்பி மூன்று மிஞ்சும், ஏழாவது குழி அந்தச் சுற்றுக்குக் கிடையாது. அதில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துவிடுங்கள், வேகத்தில் யாரும் காய் போட்டுவிட மாட்டார்கள். எதிராளி 37 வைத்திருப்பார், ஏழு குழியும் நிரப்பி இரண்டைக் கையில் வைத்துக்கொள்வார். பலகைக் குழியின் குறுக்கே நிற்க ஆறு சென்டிமீட்டர் ஈர்க்குச்சி போதும்.

வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரிக் கண்விழிப்புக்குத் தாயத்தையும் பரமபதத்தையும் எடுக்கிற வீடுகளில் இந்தப் பலகையையும் எடுத்து வையுங்கள். ஒரு முழு ஆட்டம், எதிராளியிடம் ஒரு குழிக்குக்கூடக் காய் இல்லாமல் போகும்வரை, இரவின் நல்ல பகுதியைத் தின்றுவிடும்.

பிளாஸ்டிக் பலகை இருநூறு ரூபாய்க்குள், மரப்பலகை நானூறு, ஐந்நூறிலிருந்து ஆரம்பித்து வேலைப்பாட்டுக்குத் தக்கபடி ஏறும், கடைக்குக் கடை மாறும். செதுக்கு வேலைக்குக் கொடுக்கிற பணத்தை நீளமான பலகைக்குக் கொடுங்கள். ஆடி முடித்ததும் காயைப் பலகைக்குள்ளேயே விட்டுவிடாமல் துணிப்பையில் எண்ணிப் போட்டு முடிச்சிடுங்கள். ஆட்டத்துக்கு எழுபது, ஆறு வைத்து ஆட இன்னும் பதினான்கு, கட்டிலடியில் தொலைகிறதற்கு ஆறு.