நிச்சய மோதிரத்தோடு படியாத கல்யாண மோதிரம்: பெரிய கடை வீதிப் பட்டறையில் சரிசெய்த அனுபவம்

கோயம்புத்தூர் பெரிய கடை வீதியில், மிக்கேல் ஆண்டவர் பேராலயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்து. குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை, ஜன்னலோரம் மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். பெயர்ப் பலகை கிடையாது. கீழே இருக்கிற கடையில் "மோதிரம் செய்யற ஆசாரி" என்று கேட்டால் படியைக் காட்டுவார்கள். என் கல்யாண மோதிரத்தை உருக்கித் திரும்பச் செய்து கொடுத்தது இந்தப் பட்டறைதான். செய்து வாங்கிய மோதிரத்தை ஒரு வருடம் தினமும் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க யாராவது ஒருவருடைய தோளிலோ முழங்காலிலோ என் கை இருக்கும். அதனால் 2023 செப்டம்பரில் நிச்சயத்துக்கு மோதிரம் எடுக்கப் போனபோது, கல் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். எடுத்தது 18 கேரட் மஞ்சள் தங்கத்தில் 30 சென்ட் எடையுள்ள ஒற்றைக்கல். நகம் வைத்துத் தூக்கிக் கட்டாமல், கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டி விரலோடு படிய வைத்தது. கடைகளில் பெசல் செட்டிங் என்று கேட்டால் காட்டுவார்கள். கையுறையில் மாட்டாது, நோயாளியின் தோலில் கீறாது. அந்த மோதிரத்தில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல். "ஏட்டி, தொள்ளாயிரத்துப் பதினாறு இல்லாத தங்கத்தையா கல்யாணத்துக்குப் போடுவாவ?" என்று தூத்துக்குடியிலிருந்து தினமும் போன். 22 கேரட்டில் 91.6 பங்கு தங்கம், அது மெத்தென்று இருக்கும், தினமும் உரசுகிற கையில் விளிம்பு தேய்ந்து கல் ஆடிவிடும், 75 பங்கு தங்கம் உள்ள 18 கேரட்தான் கல்லைக் கெட்டியாகப் பிடிக்கும் என்று எடுத்துச் சொன்னேன். தாலி 22-ல்தான் செய்கிறோம் என்றதும் சமாதானமானார்.

தவறு இரண்டாவது மோதிரத்தில் நடந்தது. 2024 ஜனவரியில் தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் கல்யாணம். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், பத்திரிகை, புடவை, விடுப்பு என்று ஓடிக்கொண்டிருந்ததில், ஒரு நாள் வேலை முடிந்து நேராக ஒரு பெரிய கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளும் மோதிரத்தை எடுத்துவிட்டேன். நிச்சய மோதிரம் அன்றைக்குக் கையில் இல்லை, ஹாஸ்டல் பீரோவில் இருந்தது. விற்பனைப் பெண் "எந்த மோதிரத்தோட போட்டாலும் செட் ஆகும் மேடம்" என்றார். நம்பினேன். நேரான பட்டை மோதிரம், மேல் பாதியில் வரிசையாக 9 பொடி வைரம். அதுவும் 18 கேரட்தான். தனியாகப் பார்த்தால் அழகு.

பீடத்துக்கு முன்னால் என் கணவர் மோதிரத்தை விரலில் ஏற்றும்போதே தெரிந்துவிட்டது. நிச்சய மோதிரத்தின் வளையம் 2 மில்லிமீட்டர் அகலம்தான். அதன் மேல் இருக்கிற கல்லும் விளிம்பும் சேர்ந்து 5 மில்லிமீட்டர். அதாவது இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கல் உயரமாக இருந்திருந்தால் பட்டை மோதிரம் அதன் அடியில் புகுந்து முதல் மோதிரத்தோடு ஒட்டி நின்றிருக்கும். என் கல் தாழ்ந்து இருப்பதால் விளிம்பில் இடித்து அங்கேயே நின்றுவிட்டது. நடுவில் ஒரு சந்து. உள்ளங்கைப் பக்கம் இரண்டும் ஒட்டிக்கொள்ள, மேல்பக்கம் கோணலாகப் பிரிந்து நின்றது. கல்யாண ஆல்பத்தில் கை தெரிகிற படம் ஒவ்வொன்றிலும் அந்த இடைவெளிதான் என் கண்ணில் படுகிறது.

சரி, பார்வைக்குத்தானே என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து, அல்ட்ராசவுண்ட் ஜெல்லைக் கழுவிக்கொண்டிருந்தபோது கட்டைவிரலில் ஏதோ நெருடியது. நிச்சய மோதிரத்தின் பக்கவாட்டில், அரத்தால் இழுத்த மாதிரி ஒரு பள்ளம். பட்டை மோதிரத்தில் கற்கள் ஓரம் வரைக்கும் வந்திருந்தன, பக்கவாட்டில் அவற்றை மூடத் தங்கம் இல்லை. வைரத்தின் ஓரம் தங்கத்தில் படுகிறது, இரண்டு மோதிரமும் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை அசைகின்றன. வைரத்தை விடக் கடினமான கல் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை என் விரலிலேயே பார்த்தேன். கடைக்குத் திரும்பப் போனேன். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா அப்படித்தான் தேயும்" என்றார்கள். விற்கும்போது ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கழிவு போக மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஃபாதர் மந்திரித்து ஆசீர்வதித்த மோதிரத்தைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். 2024 அக்டோபர், பவுன் 56,000-ஐத் தாண்டியிருந்த நேரம். பெரியவர் இரண்டு மோதிரத்தையும் என் விரலில் போடச் சொல்லி, கையை ஜன்னல் பக்கம் திருப்பி, லென்ஸ் வைத்து மேலிருந்து பார்க்கவில்லை, பக்கவாட்டில் பார்த்தார். இதற்கு முன் மூன்று கடைகள் ஏறியிறங்கியும் பக்கவாட்டில் பார்த்த முதல் ஆள் அவர்தான். பிறகு ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து இரண்டு மோதிரத்துக்கும் நடுவே விட்டுக் காட்டினார். நாலு கார்டு சேர்ந்து உள்ளே போனது.

"அம்மணி, இதுக்கு மூணு வழி இருக்குதுங்க. கல்லைத் தூக்கிக் கட்டலாம், அது உங்க வேலைக்கு ஆகாது. ரெண்டையும் பத்த வச்சு ஒண்ணாக்கலாம். இல்லைன்னா பட்டையை வளைச்சுச் செய்யலாம்" என்றார்.

பற்றவைத்தால் மோதிரங்கள் அசையாது, தேயாது. ஆனால் கைவேலை அதிகம் இருக்கிற நாளில் கல் மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கல்யாண மோதிரத்தோடு மட்டும் இருப்பேன், அது முடியாமல் போகும். வளைவைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கல்லைச் சுற்றி ஆழமாக வளைத்தால், தனியாகப் போடும்போது மோதிரம் நசுங்கிப்போன மாதிரி தெரியும். அவர் வளைவைக் கல்லுக்குப் பக்கத்தில் சட்டென்று தொடங்காமல், விரலின் ஓரத்திலிருந்தே மெல்ல இறக்கிக்கொண்டு வந்தார். முதலில் செம்புக் கம்பியில் செய்து போட்டுக் காட்டி, நான் சரி என்ற பிறகுதான் தங்கத்தில் கை வைத்தார். இணையத்தில் ரெடிமேடாக விற்கும் வளைவு மோதிரங்கள் எதிலும் இது கிடைக்காது, ஏனென்றால் அந்த வளைவு என் கல்லுக்கு மட்டும் பொருந்துகிற வளைவு.

நிற விஷயம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டும் 18 கேரட் மஞ்சள், ஆனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று லேசாகச் சிவந்து, மற்றது வெளிறிப் பச்சை தட்டி இருந்தது. 75 பங்கு தங்கம் போக மீதி 25 பங்கில் செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்பது கடைக்குக் கடை மாறும். சரிக்கட்ட வேண்டுமானால் செம்பும் சொக்கத் தங்கமும் சேர்க்க வேண்டும், எடையும் செலவும் ஏறும். அதற்குப் பதிலாகப் புது மோதிரத்துக்குப் பளபளப்பு மெருகு போடாமல் மேட் செய்துவிடலாம் என்றார். ஒன்று மின்னுகிறது, ஒன்று மங்கலாக இருக்கிறது, நிற வித்தியாசம் கண்ணுக்கே படுவதில்லை. எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

நான் கேட்ட ஒன்றே ஒன்று, அதே தங்கத்தில் செய்ய வேண்டும் என்பது. உருக்கும்போது வந்து உட்காரச் சொன்னார். கற்களைக் கழற்றிய பிறகு 2.762 கிராம். தங்கம் உருக்கும் கிண்ணமான குகையில் அது உருகி ஒரு சொட்டாகத் திரண்டு நடுங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கம்பியாக இழுத்து, வளைத்து, பற்றவைத்து முடித்த மோதிரம் தங்க எடையில் 2.590. மிச்சத் துண்டு 0.120 கிராமை ஒரு தாளில் மடித்துக் கையில் கொடுத்தார். சேதாரம் 52 மில்லிகிராம்தான். ஒன்பது கற்களில் மூன்றை மட்டும் மேல்பக்கம் தங்கத்துக்குள்ளேயே புதைத்துப் பதித்தார், ஓரத்தில் ஒன்றும் உரசாதபடி. மற்ற ஆறு கற்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கூலி 4,500 ரூபாய். அளவும் மாறியது. ஒற்றை மோதிரத்துக்கு 11 சரியாக இருந்த விரல், இரண்டு சேர்ந்தால் இறுக்குகிறது. சாயங்காலம் கை லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில் வரச் சொல்லி அளந்து 12 வைத்தார்.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றார், பத்தொன்பது நாள் ஆயிற்று. கார்டில் பணம் வாங்குவதில்லை. தந்தது கையால் எழுதிய சீட்டுதான். உருக்கியதும் பழைய மோதிரத்தில் இருந்த ஹெச்யூஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் போய்விடும், அதைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் பேசினார். ஆனால் கேட்டவுடன் ஆளை அனுப்பி கம்ப்யூட்டர் டச் (மெஷினில் தங்கத்தின் தரச் சோதனை) பார்த்து, 75 குறையவில்லை என்ற சீட்டையும் வாங்கிக் கொடுத்தார். முத்திரை இல்லாமல் மனசு ஒப்பாதவர்கள் வேலை கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

ஃபாதரிடம் கொண்டு போனேன். "அதே தங்கம்தானே?" என்று கேட்டுவிட்டு இன்னொரு முறை மந்திரித்துக் கொடுத்தார்.

இப்போது மோதிரம் எடுக்கப் போகிறவர்களுக்கு: நிச்சய மோதிரம் வாங்கும் அன்றைக்கே, ஒரு சாதாரண பட்டை மோதிரத்தைக் கேட்டு வாங்கி அதன் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஒட்டி நிற்கவில்லை என்றால், இரண்டாவது மோதிரத்தைச் செய்யக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அன்றே தெரிந்துவிடும், அதற்குப் பணமும் நாளும் ஒதுக்கிக்கொள்ளலாம். பட்டையில் கல் வைப்பதானால், ஓரத்தில் தங்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரலைச் சுற்றி முழுவதும் கல் வைத்ததைத் தவிர்ப்பது நல்லது, பின்னால் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இடமிருக்காது. வெள்ளைத் தங்கம் எடுத்தால் மேலே பூசிய ரோடியம் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும், அவ்வப்போது மறுபடி பூச வேண்டும். இரண்டு மோதிரத்தில் ஒன்று மட்டும் வெளுத்து நிற்காமல், இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துப் பூசிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் மேட் தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. போன மாதம் கொண்டு போனேன், காசு வாங்காமல் அங்கேயே சரிசெய்து கொடுத்தார். நிச்சய மோதிரத்தின் பள்ளத்தை மட்டும் முழுதாக எடுக்கவில்லை. அவ்வளவு ராவினால் வளையம் மெலிந்துவிடும் என்றார். விசிட்டிங் கார்டை மறுபடி விட்டுப் பார்த்தோம். ஒன்றுகூட நுழையவில்லை.